பேரு படிச்சுச் சொல்லு

பிரிண்டர் வேலை செய்யவில்லை என்றால் எல்லோரும் பிரிண்டரைத்தான் தட்டுவார்கள். லேப் அக்கா அதைத் தொடவே மாட்டார். நேராக மறுமுனைக்குப் போவார். ஒயர் எந்தச் சுவரிலிருந்து கிளம்புகிறதோ அங்கே நின்று, அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, அலமாரிக்குப் பின்னால், கதவு நிலைக்கு மேலே, ஜன்னல் கம்பிக்குள் அது புகுந்து போகிற வழியெல்லாம், வராந்தாவின் நீளம் முழுக்க நடந்து வருவார். அந்த நேரத்தில் யார் என்ன கேட்டாலும் பதில் கிடைக்காது. ஒயர் பிரிண்டருக்குள் செருகும் இடத்துக்கு வந்த பிறகுதான் வாயைத் திறப்பார்.

"ஒயரு நல்லா கீது. இனிமே மிசினப் பாரு."

பெயர் வேண்டாம். ஆஸ்பத்திரியில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டாக்டரிலிருந்து கேன்டீன்காரர் வரை எல்லோருக்கும் லேப் அக்காதான். அட்டெண்டர் வேலை, கான்ட்ராக்டில். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். நான் வார்டு கிளார்க். கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்தவன் என்பதால் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாத் தலைவலியும் என் கணக்கில். அந்த ஆஸ்பத்திரி இப்போது இல்லை. எங்கள் தங்கச் சுரங்க ஊரில், சாம்பியன் ரீப்ஸ் பக்கம் வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா ஒன்றில் தகரக் கூரையும் தடுப்புச் சுவரும் சேர்த்து உண்டாக்கிய இருபது கட்டில் இடம் அது.

லேப் பின்கட்டில் இருந்தது. முன்பெல்லாம் ரத்த ரிப்போர்ட்டை அக்காதான் கையில் எடுத்துக்கொண்டு முற்றம் தாண்டி, ஏழு படி ஏறி வார்டுக்கு வருவார். அவருக்கு முட்டி தேய்ந்துபோனது. நிர்வாகத்துக்கு அவருடைய முட்டிமேல் இரக்கம் வந்து அல்ல, வேறு எதற்கோ நெட்வொர்க் போட்டார்கள். லேப் கம்ப்யூட்டரில் பட்டனை அழுத்தினால் வார்டு பிரிண்டரில் காகிதம் வந்து விழும் என்றார்கள். விழுந்தது. கரண்ட் போகாத நாட்களில்.

கரண்ட் போய் வந்தால் பிரிண்டர் காணாமல் போகும். அதாவது இடத்தில்தான் இருக்கும், பச்சை விளக்கும் எரியும், லேப் கம்ப்யூட்டருக்கு மட்டும் அது எங்கே இருக்கிறதென்று தெரியாது. சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு நம்பர் இருப்பதுபோல நெட்வொர்க்கில் ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு நம்பர் உண்டு. கரண்ட் திரும்பியதும் ரவுட்டர் அந்த நம்பர்களைப் புதிதாகப் பங்கு போடும். பந்தியில் முந்தி உட்கார்ந்தவனுக்கு முதல் இலை என்கிற கதைதான். நேற்று வார்டு பிரிண்டருக்கு இருந்த நம்பர் இன்று வேறு ஏதாவது ஒன்றுக்குப் போயிருக்கும். லேப் கம்ப்யூட்டரோ பழைய நம்பருக்கே அனுப்பிவிட்டு, அனுப்பியாயிற்று என்று திரையில் எழுதிக் காட்டும்.

அக்காவை நான் முதலில் மதிக்கத் தொடங்கியது, அல்லது முதலில் வெறுக்கத் தொடங்கியது, வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரம். வார்டு பிரிண்டர் படுத்துவிட்டது. நான் கம்ப்யூட்டரில் பிரிண்டரை இயக்கும் டிரைவர் புரோகிராமை அழித்தேன், மறுபடி போட்டேன், கம்ப்யூட்டரை மூன்று தடவை அணைத்துப் போட்டேன். மத்தியானம் ஆகிவிட்டது. அக்கா இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மூன்றாம் தடவை சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு லேபிலிருந்து ஒயரைப் பிடித்து நடந்து வந்தார். இரும்பு பீரோ வரை வந்து நின்றார். காலையில் கூட்டுகிறவர் பீரோவை நகர்த்தியிருக்கிறார். அதன் கால் ஒயர்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

"இன்னாப்பா, டிப்ளமால பீரோ பாடம் இல்லயா?"

வார்டே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

இன்னொரு பழக்கம். பிரிண்டர் தொலைந்துபோனால் அதன் முகப்பில் இருக்கும் பட்டனைச் சிறிது நேரம் அழுத்திப் பிடிப்பார். அது தன்னைப் பற்றிய விவரங்களைத் தானே ஒரு பக்கம் அச்சடித்துத் துப்பும். அதில் அன்றைய நம்பர் இருக்கும். "நீயும் நானும் ஊகிச்சுனு கெடக்கறதுக்கு, அது யாருன்னு அதுவே சொல்லட்டும்" என்பார். அந்தப் பக்கத்தை முற்றம் தாண்டி எடுத்துப்போய் லேப் கம்ப்யூட்டரில் புது நம்பரை அடிப்பார். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். ரவுட்டர் மாட்ட வந்த பெங்களூரு ஆள் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தாராம். ஒரே தடவைதான் பார்த்திருக்கிறார்.

ஆனால் இதெல்லாம் கைப்பழக்கம். அக்கா என்றால் எனக்கு நினைவுக்கு வருவது வேறு. அவர் எதையும் திருப்பிச் சொல்லக் கேட்காமல் நம்ப மாட்டார்.

தினமும் இருபது முறை இன்டர்காமில் எங்களுக்குள் நடக்கும் பேச்சு இது.

"அனுப்பறேன்."

"அனுப்புங்க."

"வந்துச்சா?"

"வந்துச்சுக்கா."

"பேரு படிச்சுச் சொல்லு."

"எம். ராணி, முப்பத்திநாலு."

"எம். ராணி, முப்பத்திநாலு. வெச்சுடறேன்."

பிரிண்டர் என் மேஜைக்குப் பக்கத்தில் இருந்திருந்தால் இதில் ஒன்றும் கஷ்டமில்லை. அது வராந்தா மூலை திரும்பி, நர்ஸ்களின் ட்யூட்டி ரூம் வாசலில் இருந்தது. ஒவ்வொரு தடவையும் ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து போய், காகிதத்தை எடுத்து வந்து படித்து, மறுபடி கொண்டுபோய்த் தட்டில் வைக்க வேண்டும். நர்ஸ்கள் தட்டிலிருந்துதான் எடுப்பார்கள். "சரிக்கா" என்று மழுப்பினால் நடக்காது. "சரின்னா இன்னா? வந்துச்சா, வரலயா?" என்பார்.

சுரங்க ஊரில் பிறந்தவனுக்கு இது புதிதில்லை. ஷாஃப்ட் என்கிற செங்குத்துக் குழியில் ஆட்களைச் சுமக்கும் கேஜ் ஏறுவதும் இறங்குவதும் மணியை வைத்துத்தான். கீழே லெவலில் நிற்கிற பெல்மேன் மூன்று அடித்தால் மேலே இருப்பவர் அதே மூன்றைத் திருப்பி அடிக்க வேண்டும். திருப்பி வராமல் கேஜுக்குள் ஆள் கால் வைக்கக் கூடாது. சுரங்கத்தை மூடி இத்தனை வருடமாகியும் அந்தப் பழக்கம் ஊர்ப் பேச்சில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. என் அப்பாகூட கடைக்கு அனுப்பும்போது சாமான் பட்டியலைத் திருப்பிச் சொல்ல வைத்துத்தான் வாசல் தாண்ட விடுவார். அக்காவுடையதும் அந்த வகை என்று நினைத்தேன். கொஞ்சம் முற்றிய வகை.

கேன்டீன்காரரிடம் "ரெண்டு டீ, ஒண்ணு சக்கர இல்லாம" என்பார். அவர் திருப்பிச் சொல்கிற வரை நகர மாட்டார். அவர் அதை வேண்டுமென்றே மாதா கோயில் பாட்டுபோல இழுத்துப் பாடுவார். அக்காவுக்குக் கோபம் வராது. பாட்டாக வந்தாலும் பதில் பதில்தானே.

மகன் பெங்களூரில் வேலை பார்த்தான். திங்கள் விடியற்காலை ரயிலில் போவான். "ஏறிட்டேம்மா" என்பது அக்காவுக்குப் போதாது. எந்தப் பெட்டி, பக்கத்தில் யார், அந்த ஆளிடம் போனைக் கொடு. ஒரு தடவை முன்பின் தெரியாத யாரோ ஒருவர் போனை வாங்கி, "அம்மா, உங்க பையன் இங்கதான் கீறான், நானு பாத்துனுதான் கீறேன், நிம்மதியா வைம்மா" என்று சொன்னதை அக்காவே எங்களிடம் நடித்துக் காட்டிச் சிரித்தார். மகனுக்கு மானம் போயிற்றாம். "போனா போவுது. மானம் போனா திரும்பி வரும்" என்றார்.

அவரைக் கேலி செய்வது சுலபம். ஆனால் ஒரு நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். வார்டில் இரண்டு லட்சுமி. ஒருவர் பிரசவத்துக்கு வந்தவர், ஒருவர் சர்க்கரை நோயாளி. நான் இன்டர்காமில் "ஆர். லட்சுமி, இருபத்தாறு" என்று படித்தேன். மறுமுனையில் சத்தமே இல்லை. போனைக்கூட வைக்கவில்லை. இரண்டு நிமிடத்தில் அந்த முட்டியோடு ஏழு படி ஏறி மூச்சு வாங்க வந்து நின்றார். கையில் இருந்த ரத்தக் குப்பியின் சீட்டில் அறுபத்திரண்டு என்று இருந்தது. பெயர் ஒன்று என்பதால் லேப் டெக்னீஷியன் மாற்றிப் பதிந்துவிட்டார். கிழவியின் சர்க்கரை அளவுக்குக் கர்ப்பிணிக்கு இன்சுலின் ஏறியிருக்கும். அக்கா அந்தக் காகிதத்தை நான்காகக் கிழித்து இடுப்பில் செருகிக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை. டெக்னீஷியனிடம் மட்டும், "பேரு ஊருக்கெல்லாம் ஒண்ணுதான் சார். வயசப் பாருங்க" என்றாராம்.

இத்தனை தெரிந்தும் எனக்குள் ஒரு எரிச்சல் வளர்ந்துகொண்டே போனது. அதை மறைக்க மாட்டேன். வார்டில் எனக்குக் கிளி என்று பெயர் வைத்துவிட்டார்கள். இன்டர்காம் அடித்தால் நர்ஸ்கள், "கிளியே, அக்கா கூப்பிடறாங்க, பேரு சொல்லு" என்பார்கள். டிப்ளமா படித்தவன் அட்டெண்டர் சொன்னதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே என்று எனக்கே தோன்றும். தோன்றியது என்ன, அரித்தது.

அதோடு இன்னொன்றும் இருந்தது. அக்கா என்னிடம் பலமுறை கேட்டார்: "இந்தப் பிரிண்டருக்கு ஒரே நம்பரா எழுதி வெச்சுட முடியாதாப்பா? கரண்டு போனாலும் மாறாத மாதிரி?" முடியும். ரவுட்டருக்குள் போய் இந்த மிஷினுக்கு இந்த நம்பர்தான் என்று பதிந்துவிட்டால் போதும். அதற்கு வேண்டிய பாஸ்வேர்டு எழுதிய சீட்டு என் மேஜை இழுப்பறையில் கிடந்தது. நான், "அதெல்லாம் பெங்களூரு ஆளு வந்துதான் செய்யணும்கா" என்றேன். அவர் கேட்டு நான் செய்ததாக ஆகிவிடக் கூடாது. அவ்வளவு அற்பமான காரணம்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கரண்ட் போனது. சுரங்கக் கழிவைக் கொட்டிக் குவித்த சயனைடு மேட்டிலிருந்து வெள்ளைப் புழுதி கிளம்பி ஜன்னலெல்லாம் மங்கிக் கிடந்தது. மழை வரும்போல இருந்தது. பக்கத்துச் சுரங்கப் பகுதியான கோரமண்டலில் என் சித்தப்பா மகளுக்கு நான்கு மணிக்கு நிச்சயதார்த்தம். புதுச் சட்டை போட்டுக்கொண்டுதான் ட்யூட்டிக்கே வந்திருந்தேன். மூன்றரைக்குக் கரண்ட் வந்தது. பையை எடுத்துத் தோளில் மாட்டும்போது இன்டர்காம் அடித்தது.

"பத்தாம் பெட்டு ரிப்போர்ட்டு. அவசரம்னு சொல்லிட்டு டெக்னீஷியன் சாரு கெளம்பிட்டாரு. அனுப்பறேன்."

"அனுப்புங்கக்கா."

மூலைக்கு அந்தப்பக்கம் பிரிண்டர் கரகரவென்று உருளும் சத்தம் கேட்டது.

"வந்துச்சா?"

"வந்துச்சு."

"பேரு படிச்சுச் சொல்லு."

மேஜைக் கண்ணாடிக்குக் கீழே அன்றைய கட்டில் பட்டியல் இருந்தது. என் கண் அதில் பத்தாம் எண்ணுக்குப் போனது. நின்ற இடத்திலிருந்தே, "மாணிக்கம், அம்பத்தெட்டு" என்றேன்.

மறுமுனையில் ஒரு நொடி ஒன்றும் இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"மாணிக்கம், அம்பத்தெட்டு. வெச்சுடறேன்."

நான் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நிச்சயதார்த்தத்துக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். பிரியாணி நன்றாக இருந்தது.

நான் கேட்ட சத்தம் காகிதம் வந்த சத்தமில்லை. கரண்ட் வந்ததும் பிரிண்டர் தன் உருளைகளைத் தானே சுழற்றிப் பார்த்துக்கொள்ளும் சத்தம். அன்று நம்பர் பங்கு போட்டபோது வார்டு பிரிண்டரின் நம்பர் எங்கள் ஆஸ்பத்திரி மருந்துக் கடைப் பிரிண்டருக்குப் போய்விட்டது. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். லேப் கம்ப்யூட்டருக்கு வித்தியாசம் தெரியாது. மாணிக்கத்தின் ரிப்போர்ட், பிரிண்டரை அணைக்காமலே ஞாயிறு மத்தியானத்தோடு பூட்டிவிட்ட மருந்துக் கடைக்குள் அச்சாகித் தட்டில் விழுந்து கிடந்தது.

மாணிக்கம் மைசூர் மைன்ஸ் பகுதிக்காரர். வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர், சிறுநீரகம் கெட்டுச் சேர்ந்திருந்தார். நர்ஸ் ஐந்து மணிக்குத் தட்டைப் பார்த்திருக்கிறார், காலி. லேபுக்கு அடித்திருக்கிறார். அதற்குள் அக்கா லேபைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார். திங்கள் காலையில்தான் வரும்போல என்று நர்ஸ் விட்டுவிட்டார். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருந்தது. அது ஏறினால் இதயம் சொல்லாமல் கொள்ளாமல் நிற்கும் என்று டாக்டர் பிறகு சொன்னார். திங்கள் விடிவதற்குள் நின்றுவிட்டது. அந்தக் காகிதம் சாயங்காலமே கையில் இருந்திருந்தால் ஊசி போட்டு, ஆம்புலன்ஸில் ஏற்றி டயாலிசிஸுக்கு அனுப்பியிருப்பார்கள். பிழைத்திருப்பார் என்று யாரும் சத்தியம் செய்யவில்லை. பிழைத்திருக்க மாட்டார் என்றும் யாரும் சொல்லவில்லை.

நான் காலையில் வந்தபோது அவர் மனைவி என் மேஜைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் டிபன் கேரியர். உடலைக் கொண்டுபோகப் படிவம் வேண்டும். அதை அச்சடிக்கப் பார்த்தால் பிரிண்டரில் வரவில்லை. மருந்துக் கடை திறந்ததும், அங்கிருந்த பெண் மாணிக்கத்தின் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து, "இது உங்களுதா?" என்று என் முன்னால் வைத்தார். எல்லாம் எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. பெஞ்சில் மாணிக்கத்தின் மனைவி காத்திருந்தார். நான் இழுப்பறையைத் திறந்து பாஸ்வேர்டு சீட்டை எடுத்து, ரவுட்டருக்குள் போய், வார்டு பிரிண்டருக்கு மாறாத நம்பரை எழுதினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு படிவத்தை அனுப்பினேன். முதல் தடவையிலேயே வந்தது.

சூப்பரின்டெண்ட் மேடம் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் அந்த ரிப்போர்ட் இருந்தது.

"நீங்கதானே அனுப்பினது? வார்டுக்குப் போய்ச் சேர்ந்துச்சான்னு கன்ஃபர்ம் பண்ணீங்களா?"

"நானு போய்ப் பாக்கல மேடம்" என்றார் அக்கா.

மேடம் என்னைப் பார்த்தார். "அந்த டைம்ல நீங்க டெஸ்க்ல இருந்தீங்களா?"

"இல்ல மேடம். நான் அதுக்கு முன்னாடியே கிளம்பிட்டேன்."

எப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. அக்கா இதோ மறுப்பார், இதோ திரும்பி என்னைப் பார்ப்பார் என்று எதிர்பார்த்து நின்றேன். அவர் திரும்பவில்லை. ரிப்போர்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மாதக் கடைசியோடு அவருடைய கான்ட்ராக்ட் முடிந்தது. புதுப்பிக்கவில்லை.

எட்டு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். அந்த எட்டு மாதமும் எப்படி இருந்தது என்று எழுதினால் என்மேல் இரக்கம் கேட்பதுபோல ஆகிவிடும்.

சாம்பியன் ரீப்ஸ் லைன் வீடு. உள்ளே சுவரில் புத்தர் படம், கீழே ஒரு டம்ளரில் பூ. அக்கா தரையில் காலை நீட்டி உட்கார்ந்து ரவிக்கைகளுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து ஆச்சரியப்படவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை.

"வாப்பா. அந்த ஸ்டூல இழுத்துப் போட்டுக்கோ."

"அக்கா, அன்னைக்கு நான்…"

"தெரியும்."

"என்ன தெரியும்கா?"

"நீ எழுந்து போய்ப் பாக்கலன்னு தெரியும். ரிப்போர்ட்டுல இனிஷியல் முன்னாடி வரும். ஆறு வருஷமா நீ இனிஷியலோடதான் படிச்ச. அன்னைக்கு மொட்டையா மாணிக்கம்ன. பெட்டு லிஸ்ட்டுலதான் மொட்டையா எழுதுவாங்க."

அன்று இன்டர்காமில் இருந்த அந்த ஒரு நொடி மௌனம் அதுதான்.

"தெரிஞ்சே ஏன்கா போன வெச்சீங்க?"

நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "மழ வர்ற மாதிரி இருந்துச்சு. முட்டி வலி. ஏழு படி ஏறணும். இருக்கட்டும் போ, வந்திருக்கும்னு வெச்சுட்டேன்."

அவர் அடுத்த கொக்கியை எடுத்துக்கொண்டார். நான்தான் மறுபடி ஆரம்பித்தேன்.

"மேடம்கிட்ட என் பேர ஏன் சொல்லல? நான் பொய் சொன்னப்பகூட சும்மா இருந்தீங்களே."

"எங்கப்பா பெல்மேன். உனக்குத் தெரியாதில்ல?"

தெரியாது. அத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அவர் சொன்னதில்லை.

"ஒரு நாளு மேலருந்து மணி திருப்பி வரல. வந்த மாதிரி காதுல கேட்டுச்சாம். ஆள ஏத்தி உட்டுட்டாரு. ரெண்டு பேரு செத்துப் போயிட்டாங்க. விசாரண வெச்சாங்க. மணிக் கம்பி கெட்டுப் போயிருந்துச்சுன்னு எழுதி, இவருமேல தப்பில்லன்னு உட்டுட்டாங்க. இவரும் கேக்கலன்னு சொல்லல. அப்புறம் பதினோரு வருஷம் உசுரோட இருந்தாரு. அந்த ரெண்டு வீடும் இருக்கற லைன்ல ஒரு நாளும் கால் வெக்கல. மார்க்கெட்டுக்குப் போவணும்னா அந்தாண்ட சுத்தினு போவாரு. அவரு செத்தப்ப அந்தப் பொம்பளைங்க ரெண்டு பேரும் வந்து மாருல அடிச்சுனு அழுதாங்க. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நானு சின்னப் பொண்ணு, பாத்துனு இருந்தேன்."

நான் அழுதுகொண்டிருந்தேன். அவர் அழவில்லை.

"உன்ன நானு காப்பாத்தலப்பா. அப்பிடி நெனச்சுனு போயிடாத. உன் பேரச் சொல்லியிருந்தா என் தப்பு பாதியாயிடும். அது பாதியாவக் கூடாது. அவ்ளோதான்."

"என்ன மன்னிச்சுடுங்கக்கா."

"எங்கிட்ட இன்னாத்துக்கு? அந்தம்மா மைசூர் மைன்ஸ்லதான் கீது. வீடு தெரியுமா?"

"தெரியும்."

"அங்க போ. நானு போய் என் தப்பச் சொல்லிட்டு வந்துட்டேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

அக்கா முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். "அத்த நீ போய்க் கேட்டுக்கோ" என்றார்.

அன்றைக்கே போவதாகத்தான் கிளம்பினேன். மைசூர் மைன்ஸ் திருப்பத்தில் வண்டியை நிறுத்தினேன். இருட்டிவிட்டது, சாப்பாட்டு நேரத்தில் போய் நிற்கக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை வரலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பினேன். அந்த ஞாயிறும் போகவில்லை. அடுத்ததும் இல்லை. ஆஸ்பத்திரி மூடினார்கள். நான் பங்காருப்பேட்டையில் ஒரு அலுவலகத்தில் சேர்ந்தேன். அங்கேயும் பிரிண்டர்கள் என் பொறுப்புதான். எல்லாவற்றுக்கும் மாறாத நம்பர் எழுதி வைத்திருக்கிறேன். என்னைக் கெட்டிக்காரன் என்கிறார்கள்.

போன வருடம் அக்கா இறந்துவிட்டார். மகன் போன் செய்தான். நான் போனபோது வாசலில் பந்தல் போட்டிருந்தது, பிக்கு ஒருவர் ஓதிக்கொண்டிருந்தார். பெண்கள் உள்ளே உடலைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மாணிக்கத்தின் மனைவி அக்காவின் காலடியில் இருந்தார். அக்காவின் தப்பு முழுவதும் அவர் வாயாலேயே தெரிந்திருந்தும் வந்து, அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அவர்களுக்குள் என்ன பேச்சு நடந்தது, எத்தனை முறை போய்வந்தார்கள், ஒன்றும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் உரிமையை நான் சம்பாதிக்கவில்லை.

மாலையை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். அந்த அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆஸ்பத்திரி தம்பிதானே? அக்காகூட வேல செஞ்சவருதானே? வாங்க, உக்காருங்க" என்று சொல்லிக் கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டார்.

நான் உட்காரவில்லை. வண்டி வழியில் நிற்கிறது, எடுத்து ஓரமாக விட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லி வெளியே வந்தேன். அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டேன்.